மட்டித்தீவில் கரை பெருத்த நாள்

இர்ஷானா ராத்தாவை ஓரிடத்தில் உட்கார வைக்க யாராலும் முடியாது. சோற்றைக்கூட நின்றுகொண்டுதான் தின்பார். குவைத்தில் பதினொரு வருடம் அடுத்தவர் குசினிக்குள் நின்று சமைத்தே பழகிவிட்டது என்று காரணம் சொல்வார். பொய். போவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தெரியாதா?

திரும்பி வந்த ஆறாம் மாதம், ராத்தா தன் கணவர் றிஸ்லான் காக்காவின் வள்ளத்தை நிமிர்த்தினார். முதுகு நோவினால் அவர் மீன்பிடியை விட்டபிறகு அது முற்றத்தில் கவிழ்ந்தே கிடந்தது. ராத்தா இஞ்சின் ஓட்டப் பழகி, சனிக்கிழமைகளில் ஏறாவூர்ப் பெண்களை மட்டித்தீவுக்கு ஏற்றிப்போகத் தொடங்கினார். வாவிக்கு நடுவில் கிடக்கிற அந்தத் தீவின் கரையில் மணலே இல்லை. அத்தனையும் மட்டி ஓடு, வெயிலில் கண் கூசும். வள்ளம் இல்லாமல் போகமுடியாது என்பதால் ஆண்கள் கண்ணும் இல்லை. முக்காட்டை எறிந்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் கூத்தடிக்கலாம். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற ஆள். அங்கே நான் போடுகிற சத்தத்தை என் மாணவிகள் கேட்டால் மானம் போய்விடும்.

வீட்டு ஆண்களுக்கு ராத்தா கொடுத்தது ஒரேயொரு வாக்கு. “மஃரிபுக்கு முதல் கொண்டாந்து சேத்திருவன்.” நான்கு வருடம் ஒருநாளும் அந்த அந்தித் தொழுகைக்குப் பிந்தவில்லை. ஒருநாள் பிந்தினால் அடுத்த சனிக்கிழமை ஒருத்தியையும் அனுப்பமாட்டார்கள், வள்ளம் மறுபடி கவிழும், ராத்தா நான்கு சுவருக்குள் அடைபட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்கள் வாவி வருடத்தில் பாதிநாள் வாய் மூடிக்கிடக்கும். கடலோடு சேருகிற முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தண்ணீர் வைத்த இடத்தில் இருக்கும். அதனால் எங்கள் ஆட்கள் நங்கூரம் போடுவதே இல்லை. வள்ளத்தின் முன்பாதியைக் கரையில் ஏற்றிவிட்டுத் தம்பாட்டில் போய்விடுவார்கள். கடலில் தொழில் செய்கிறவன் இதைப் பார்த்தால் சிரிப்பான். மாரி மழையில் வயல்வட்டைகள் மூழ்கி வயற்காரர்கள் கத்தினால்தான் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் கடலுக்கு ஓடும். அந்த மார்கழியில் வெட்டப்போவதாக இரண்டு தடவை ஒலிபெருக்கியில் சொல்லியும் வெட்டவில்லை. மூன்றாந்தரமும் சொன்னார்கள்.

“இதுவும் புளுகுதான். ஏறுங்ககா,” என்றார் ராத்தா. பத்துப் பெண்கள் ஏறினோம்.

பகல் புரியாணி தின்று, பாயில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டோம். எழும்பியபோது கரை பெருத்திருந்தது. காலையில் நாங்கள் கால் நனைத்த இடத்தில் ஈர ஓடுகள் பளபளத்துக் கிடந்தன. நான் மடையச்சி, நல்ல ஓடுகளாகப் பொறுக்கத் தொடங்கினேன். ராத்தாதான் வள்ளத்தைப் பார்த்தார். அது முழுதாகத் தரையில் இருந்தது. ஒரு சாண் தண்ணீர்கூட வற்றியிருக்காது, ஆனால் அந்தத் தட்டைக் கரையில் இருபது அடி பின்வாங்க அது போதும்.

“வெட்டிட்டானுகள்,” என்றார். முகம் வெளிறிப்போயிற்று.

பின்னேரத் தொழுகை அஸர் தாண்டிவிட்டது. தள்ளினோம், அசையவில்லை. ஓடுகள் அடியில் கடித்துக்கொண்டன. தண்ணீரோ நாங்கள் பார்க்கப் பார்க்கத் தள்ளிப்போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ராத்தா, மர்சூக்குக்கு போனில கோல் எடுக்கன். அவரு நாலு பேரக் கூட்டிட்டு வருவாரு.”

“எடு. ஒண்ட புருசன் வந்து தள்ளுவாரு. அதோட இந்தத் தீவும் முடிஞ்சிது, நானும் முடிஞ்சன்.” ஓட்டில் குத்திய காலில் இரத்தம் வடிய, வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு நின்றார். “பாய்கள எடுங்க.”

இஞ்சினைக் கழற்றி மூன்று பேர் சுமந்தார்கள். நாங்கள் படுத்திருந்த பாய்களை நனைத்து அடியில் விரித்துத் தள்ளினோம். வள்ளம் வழுக்கியது. வள்ளம் தாண்டிய பாயை இழுத்து மறுபடி முன்னால் போட்டோம். பாய்கள் கிழிந்தன, உள்ளங்கை கிழிந்தது. இஞ்சினைப் பூட்டி ஓட்டத் தொடங்கும்போது நான்கு திசையிலிருந்தும் மஃரிப் பாங்கு வாவிக்கு மேலால் வந்தது.

துறையில் ஆண்கள் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் என் கணவர்.

“என்ட பிழைதான்,” என்றார் ராத்தா. “தண்ணிய நம்பி வள்ளத்தக் கரையில ஏத்தினன்.”

“இனி இந்தப் பயணம் வேணாம்,” என்றார் மர்சூக். வள்ளத்தைத் தள்ளிய பத்துப் பேரில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ராத்தா தனியே குனிந்து வள்ளத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

மறுநாள் கிழிந்த பாயைப் பார்த்துவிட்டு மர்சூக் கேட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில், “நான் கோல் எடுக்கப் பாத்தன், அவதான் விடல்ல. ஒங்களுக்குப் பயந்துதான் விடல்ல,” என்றேன். இந்த உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை துறைக்குப் போனேன். ராத்தா அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். வள்ளத்துக்குள் புது நங்கூரமும் ஒரு கட்டுக் கயிறும். ஆட்கள் யாருமில்லை.

“எதுக்கு வந்த?”

“தீவுக்குப் போக.”

“மர்சூக்கிட்டச் சொன்னியா?”

“சொன்னன்.”

“என்ன சொன்னாரு?”

கக்கத்தில் இருந்த புதுப் பாயைக் காட்டினேன். “நேத்துப் பின்னேரம் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து தந்தாரு. வேற ஒண்டும் சொல்லல்ல.”

ராத்தா பாயை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் அறிய, அவர் உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.