அம்மை கண்ட நானும் வைரஸ் வந்த கம்ப்யூட்டரும்

ஏசி குளிரோடு பினாயில் வாசனை கலந்தால் ஒரு நெடி வரும். மூக்கில் ஏறி, தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

தருமபுரியில் நான் வேலை பார்த்த பாய் கடையின் கம்ப்யூட்டர் அறை ஒரு வாரம் முழுக்க அப்படித்தான் நாறியது. அறையைத் தினமும் பினாயில் ஊற்றித் துடைத்தார்கள். அதற்குக் காரணம் நான்தான் என்று கடையில் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்...

எண்பதுகளின் கடைசி. முதலாளி பாய், பம்ப்செட் ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரி. கடத்தூர், கம்பைநல்லூர், பாப்பிரெட்டிப்பட்டி கடைகளுக்கெல்லாம் அவரிடமிருந்துதான் சரக்கு போகும். ஸ்டாக் பார்ப்பதற்காக பெங்களூரில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதற்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு, ஏசி. முதலாளிக்கு வெளியே ஒரு டேபிள் ஃபேன். பாயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

நான் ஆபரேட்டர். சேலத்தில் கோர்ஸ் முடித்துவிட்டு, கடத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். அந்தப் பெட்டியைத் தொடத் தெரிந்தவள் என்பதால் கடையில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த வருஷம் எனக்கு அம்மை போட்டது.

இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேலைக்குத் திரும்பியபோது முகமெல்லாம் கறுத்த தழும்பு. கல்யாணம் ஆகாத பெண். பஸ்ஸில் தாவணித் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வருவேன். பக்கத்து சீட் காலியாகவே வரும்.

வந்த மறுநாள், ஸ்டாக் அடித்துக்கொண்டிருக்கும்போது திரையிலிருந்த ஒரு எழுத்து கழன்று கீழே விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லா எழுத்தும் பொலபொலவென்று உதிர்ந்து, திரையின் அடியில் குப்பை மாதிரி குவிந்தன.

பயந்துபோய் பாயைக் கூப்பிட்டேன். அவர் பேப்பர் படிப்பவர். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேருதான் வைரஸாம்மா?" என்றார்.

கணக்கு எழுதும் கோவிந்தசாமி அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"அம்மையும் வைரஸ்தானுங்களே பாய். நேத்துதான் இந்தப் பொண்ணு வந்து உக்காந்துச்சு."

அதில் வஞ்சம் எதுவும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். "டாக்டருகிட்ட காட்டுனியாம்மா? வரலாம்னு சொன்னாரா?"

கம்ப்யூட்டருக்கு மனுஷ வியாதி ஒட்டாது என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். ஆனால் வைரஸ் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது. கோர்ஸில் சொல்லித்தரவில்லை. எல்லோரும் என் தழும்பையே பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க பாய். இன்னும் கொஞ்ச நாளு கழிச்சு வந்திருக்கணும்" என்றேன்.

என்னைப் பின்னால் குடோனுக்கு அனுப்பினார்கள். வாஷர்களை அளவு பார்த்துப் பிரித்துப் போடுகிற வேலை. அங்கே ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். வாஷருக்கும் ஒட்டிவிடுமோ என்று! வூட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாய் ட்ரங்க் கால் போட்டு வரச்சொல்ல, வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க இது, ஆஸ்பத்திரியா?"

கோவிந்தசாமி அண்ணன் விளக்கம் சொன்னார். இன்ஜினியர் சிரிக்க ஆரம்பித்தவர், குடோன் வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இது யாரோ எழுதிவிட்ட ப்ரோகிராமுங்க. ஃப்ளாப்பி வழியாத்தான் வரும். வெளி ஃப்ளாப்பி யாராவது போட்டீங்களா?"

பாய் எழுந்து போய், தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து வந்தார்.

"பெங்களூரு டீலரு குடுத்தாரு. புது ரேட்டு லிஸ்ட்டு இருக்குதுன்னாரு. பொண்ணு லீவுல இருந்துச்சு. அவரு சொன்ன மாதிரி நான்தான் போட்டுத் தட்டிப் பாத்தேன்."

வைரஸ் அதிலேதான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஏற்றிக் கொடுத்தார் இன்ஜினியர். ஃப்ளாப்பியின் ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் உள்ளே எதுவும் எழுத முடியாது என்று காட்டினார். வெளி ஃப்ளாப்பி எதுவும் இந்த மெஷினில் ஏறக் கூடாது என்று பாயைப் பார்த்தே சொன்னார். பாய் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார்.

இன்ஜினியர் போனதும் பாய் குடோனுக்கு வந்தார். எல்லோர் முன்னாலும், "தப்பு என்னுதும்மா. உள்ள வந்து உக்காரு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேட்ட? நீ படிச்ச புள்ளை. நானில்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே."

கையிலிருந்த வாஷரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பழி போட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. விடுதலையானதில் சந்தோஷமே இல்லை. செய்யாததற்கு நானாக வலியப் போய்த் தலை குனிந்தேனே என்ற கூச்சம்... அது தழும்பைவிட நாள்பட்டு நின்றது.

இப்போது தருமபுரியிலேயே சின்னதாக ஒரு டேக்ஸ் ஆபீஸ் நடத்துகிறேன். வைரஸ் இப்போதெல்லாம் பில் மாதிரி, கூரியர் தகவல் மாதிரி மெயிலில் வருகிறது. தெரியாத அட்டாச்மென்ட் வந்தால், அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்காமல் யாரும் திறக்கக் கூடாது. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை உடனே கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். கோளாறு வந்தால் சர்வீஸ் பையன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டே சரிசெய்துவிடுகிறான். அரைமணி நேரம்... வேலை ஓடத் தொடங்கிவிடுகிறது.

மெஷினைக் காப்பாற்ற நிறையக் கற்றுக்கொண்டேன். "எனக்கு இது தெரியாதுங்க, ஆனா நான் பண்ணலை" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல மட்டும் நாற்பது வயதாயிற்று.

இருபதிலேயே சொல்லத் தெரிந்திருந்தால், பாய் நிச்சயம் கேட்டிருப்பார்.