காசிம் பாய் வீட்டுச் சன்னல்

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், வரவேற்பு மேசையில் இருந்தேன். காசிம் பாய் இறந்த செய்தியோடு அவர் மகள் அழைத்தாள். "ஆன்ட்டி, வாப்பா மவுத்தாயிட்டாங்க. வீட்டுலயே மயங்கி விழுந்துட்டாங்க, சூடு தாங்கல." என் தலைக்கு மேல் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் அவர் அதைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்.

மும்பையில் மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் உள்ள நம் லாட்ஜில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எட்டு ஏசிகளும் அவர் பொறுப்பு. மூன்றாம் எண் அறைக்காரர் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கம்பளி கேட்ட நாளில் பாய் சொன்னது நினைவிருக்கும். "கம்பளிக்கு ஒரு கரண்ட் செலவா! மேடம், குளிர்னு ஒண்ண எவனும் செய்யல. உள்ள கெடக்க சூட்ட வெளிய சுமந்து போடுதோம். ஒரு மாடிக்கு மூட்ட தூக்குறதும் நாலு மாடிக்குத் தூக்குறதும் ஒண்ணா? இருபத்தி நாலுல வைக்கச் சொல்லுங்க."

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காகிதத்தில் படம் வரைந்து கொண்டுவந்தார். பின்சுவரில் இருந்து சூட்டை வெளியே தள்ளும் ஏசி யூனிட்டுகளை எடுத்துவிட்டு, அந்தச் சூட்டை மொட்டைமாடித் தொட்டிக்குக் கொண்டுபோய்க் குளிக்கிற தண்ணீரைக் காய்ச்சும் திட்டம்.

"ஹீட்டர் ஒரு பங்கு கரண்டுக்கு ஒரு பங்கு சூடுதான் தரும். ஏசி சூட்ட சுமக்க மட்டும்தான் செய்யுது, அதே கரண்டுக்கு மூணு பங்கு வந்து சேரும். நாம என்னடான்னா இருக்க சூட்ட சந்துல கொட்டிட்டு, மேல ஹீட்டர் போடுதோம். சந்துல உள்ளவங்களும் மனுசங்கதானே, மேடம்?"

"அடுத்த சீசன்ல பார்க்கலாம், பாய்."

"சீசனுக்கென்ன, அது வருசா வருசம் வருது" என்று சிரித்தார். மூன்று கோடையிலும் கேட்டார். நான் ஒருமுறைகூட அந்தக் காகிதத்தை முதலாளியிடம் கொண்டுபோகவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனேன். தாராவி மெயின் ரோடு வழியாக நுழைந்து, சந்துகளில் திரும்பித் திரும்பி, இரும்பு ஏணி ஏறினால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மூச்சு முட்டியது. சன்னலைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், நம் லாட்ஜின் பின்சுவர். எட்டு யூனிட்டுகள். அவர் கையால் எழுதிய அறை எண்கள்.

அது தன் வீடு என்று அவர் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பேனா? தெரியவில்லை.

நேற்று காகிதத்தை முதலாளியிடம் நீட்டினேன். "செய்றதுக்கு ஆளே போயாச்சு, இனி எதுக்கு?" என்றார்.

அந்தச் சன்னலில் தொங்கிய வெப்பமானியை மகள் என்னிடம் கொடுத்துவிட்டாள். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். மேசைமேல் வைத்திருக்கிறேன். இருபத்து நான்கு காட்டுகிறது. அங்கே அது என்ன காட்டியது என்று அவளிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.