மண்ணெண்ணெய் விருந்து

நெப்ராஸ்காவில் கோதுமை நிலம் கைவிட்டுப் போனபின் ஹாலிவுட்டுக்குப் பிழைக்க வந்தவள் ஆர்ஃபா லிண்ட்குவிஸ்ட். ஊமைப்படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். படங்கள் பேசத் தொடங்கிய பிறகும் அவளுக்குக் கிடைத்தவை வாய் திறக்காத வேடங்கள்தான்.

ஒரு வருஷம், கோடீஸ்வரன் ஒருவனைப் பற்றிய நகைச்சுவைப் படம் எடுத்தார்கள். விருந்து மேஜையில் அவன் வறுத்த வான்கோழியைப் பந்தாக வீசி விளையாடுவான். விருந்தாளிகள் சிரிக்க வேண்டும். ஆர்ஃபாவுக்குப் பட்டுக் கவுன் மாட்டி மேஜையில் உட்காரவைத்தார்கள். காலையில் குடித்த வெறுங்காப்பியோடு வயிறு காந்திக்கொண்டிருந்தது. அப்போது ஓர் ஆள் வந்து பலகாரம், இறைச்சி எல்லாவற்றின் மீதும் மண்ணெண்ணெய் தெளித்துவிட்டுப் போனான். துணை நடிகர்கள் தின்றுவிடக் கூடாதாம்.

பக்கத்தில் இருந்த ஆம்ப்ரோஸ் என்ற கிழவர் அதைக் கவனிக்கவில்லை. ரொட்டித் துண்டு ஒன்றை நைசாக வாயில் போட்டவர், குமட்டிக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கோடீஸ்வரன் வான்கோழியை வீசினான். ஆர்ஃபா எழுந்துவிட்டாள்.

"பசிச்சவங்களை உக்காரவச்சு சோத்துல விளையாடுறீங்களே, நீங்கல்லாம் மனுசங்கதானா?"

பூஜாடிக்குள் மறைத்திருந்த மைக் அதைப் பிடித்துக்கொண்டது. இயக்குநர் கிரெப்ஸ் பாய்ந்து வந்தார்.

"உன்ன யாரும்மா பேசச் சொன்னது?"

"யாராவது சொல்லுவாங்கன்னு இவ்வளவு நாள் காத்திருந்தேன் சார்."

கவுனைக் கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள்.

படம் வந்ததும் ஆம்ப்ரோஸ் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவள் குரல் அதில் அப்படியே இருந்தது. பட்டுக் கவுன்காரி பசியைப் பற்றிப் பேசுகிறாளே என்று அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆர்ஃபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிஜமாகக் கொட்டிய ஆத்திரத்தையும் வேடிக்கையாக்கி விற்றுவிட்டார்களே.

மறுநாளே ஸ்டுடியோ வாசலில் போய் நின்றாள். வேலைக்குக் காத்திருந்த ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னாள். காவலாளி விரட்டினால் எதிர்ச்சாரிக்குப் போய்ப் பேசினாள். அடுத்த விருந்துக் காட்சியில் மண்ணெண்ணெய்க்காரன் நுழைந்ததும் துணை நடிகர்கள் மொத்தமாக எழுந்து வெளியேறினார்கள். கிரெப்ஸ் கத்திப் பார்த்தார், யாரும் திரும்பவில்லை. கடைசியில் எல்லோருக்கும் சூப்பும் ரொட்டியும் போட்ட பிறகுதான் படப்பிடிப்பு தொடங்கியது.

ஆர்ஃபாவை மட்டும் அதன்பின் எந்த ஸ்டுடியோவும் கூப்பிடவில்லை. ஒரு சலவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே முதலாளி சாப்பாட்டு நேரத்தைக் குறைக்கப் பார்த்தபோது, முதலில் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தவளும் அவள்தான்.