மெருகண்ணனும் ஆறு சதவீத வில்லையும்

வில்லையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்து, மேலுதட்டை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பிசின் வட்டு அது. நடுவில் நகத்தளவு டைட்டானியம் பதிந்திருக்கிறது. அந்த நகத்தளவில் தன் மீசையைத் தேடுகிறார். மீசை தெரிந்தால் மட்டும் போதாது. "மயிர் மயிரா எண்ணணும். எது நரை, எது கறுப்புன்னு தெரியணும். அப்பதான் அது மெருகு. இல்லேன்னா சும்மா துடைச்சு வச்சதுதான்" என்பார். இன்றைக்கு நரையும் கறுப்பும் கலந்து தெரிகின்றன போலிருக்கிறது. உதட்டைப் பிதுக்கிவிட்டு, வில்லையை மறுபடி சுழலும் தட்டின்மேல் இறக்குகிறார்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் மெருகண்ணன். அவரைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியர்கூட "மெருகண்ணன்கிட்ட குடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார். ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டுவரும் உலோகத் தகட்டைத் துண்டாக வெட்டுவது, பிசினில் பதிப்பது, உப்புத்தாளில் தேய்ப்பது, வைரப் பசையில் இழைப்பது என்று இருபத்திரண்டு வருடமாக ஒரே மேஜை, ஒரே வேலை. தாள் மாற்றும்போதெல்லாம் முழங்கை வரை கை கழுவுவார். முரட்டுத் தாளின் ஒரு பொடி மெல்லிய தாளுக்கு வந்துவிட்டால் அத்தனையும் பாழ். வீட்டிலிருந்து போன் வந்தால் தோளில் இடுக்கிக்கொண்டு "இன்னும் ரெண்டே சுத்து, வந்துடறேன்" என்பார். "அந்த ரெண்டு சுத்துக்குள்ள நான் ரெண்டு பிள்ளை பெத்துட்டேன்" என்று அவர் மனைவி ஒருநாள் இங்கே வந்தபோது சொல்ல, கூடமே சிரித்தது. மனிதர் காதில் வாங்காமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டைட்டானியத்தோடு அவருக்கு ஒரு தீராத வழக்கு. "இரும்பு வெள்ளந்தி. தேய்ச்சா தேஞ்சிடும். இது அழுத்தமான ஆளு. கீறல் போயிருக்காது, மேல ஒரு பூச்சை இழுத்து மூடிக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி பாக்கும்." இதைச் சொல்லும்போது யாரோ தூரத்து உறவினரைத் திட்டுவதுபோல் இருக்கும்.

டீச்சரம்மாவுக்கு இந்தத் திட்டு பிடிக்கும். பன்னிரண்டு வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, நாற்பது வயதில் முனைவர் பட்டத்துக்கு வந்தவர் அவர். டீச்சரம்மா என்று பெயர் வைத்ததும் மெருகண்ணன்தான். சின்னப் பிள்ளைகள் நடுவே வந்து உட்கார்ந்த முதல் வாரம், யாரும் முகம்கொடுத்துப் பேசாத அந்தக் கூடத்தில், "டீச்சரம்மா, டீ குடிச்சீங்களா?" என்று கேட்ட ஒரே ஆள் இவர். அதை டீச்சரம்மா மறக்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலோகத் தகடு வெளியே வழவழப்பாக இருந்தாலும் உள்ளே கோடிக்கணக்கான படிக மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் அவை கூட்டமாக ஒரு பக்கம் சாய்கின்றன. சுத்தமான டைட்டானியத்தில் தகட்டின் அகலவாட்டில் சாய்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அலுமினியம் கலந்தால் அந்தச் சாய்வு என்ன ஆகிறது? சாய்வைப் பொறுத்துத்தான் தகடு எந்தப் பக்கம் இணங்கும், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் என்பது முடிவாகும். சுத்தம், இரண்டு சதவீதம், நான்கு, ஆறு என்று நாலு தகடு. நாலு வருடம் அதிலேயே போய்விட்டது. கடைசி நீட்டிப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு கட்டுரை வெளியே போனால்தான் பட்டம்.

மெருகண்ணன் துண்டுகளை எப்போதும் நீள்சதுரமாகத்தான் வெட்டுவார். நீளமான பக்கம்தான் தகடு உருண்டு வந்த திசை. "கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலும் தெரியணும்" என்பது அவர் சட்டம். ஆறு சதவீதத் தகடு அந்தச் சட்டத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அலுமினியம் ஏறியதில் விறைத்துப்போய், உருட்டும்போதே ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. நல்ல பகுதி கொஞ்சம்தான். அதனால் சதுரமாக வெட்டினார். திசையைக் காட்ட ஒரு கோடு கீறினார். பிசினில் பதித்தார். தேய்க்க வேண்டிய பக்கத்திலேயே கீறியிருந்ததால் முதல் தாளிலேயே கோடு தேய்ந்து போனது. 'இப்படித்தானே வச்சோம்' என்று ஞாபகத்தை நம்பி வில்லையின் முதுகில் அம்புக்குறி போட்டார்.

புதன்கிழமை டீச்சரம்மா எலெக்ட்ரான் நுண்ணோக்கி அறையிலிருந்து ஓடிவந்தார். முகமெல்லாம் பல். "அண்ணே! மூணு தகட்டுலயும் அகலவாட்டுல சாஞ்சுது. அலுமினியம் ஏற ஏற நிமிர்ந்துக்கிட்டே வந்துது. ஆறுல மட்டும் திரும்பி நீளவாட்டுல சாயுது! இந்த உலோகத்துல இப்படி யாருமே பாத்ததில்லையாம்!" பேராசிரியர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. யாரோ கேக் வாங்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை கட்டுரையை அனுப்பிவிடலாம் என்று முடிவானது.

"நீளவாட்டுலயா?" என்று மட்டும் கேட்டார் மெருகண்ணன். கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை டீச்சரம்மாவின் மேஜைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கையில் பிசினிலிருந்து உடைத்தெடுத்த அந்தச் சதுரத் துண்டு இருந்தது.

"பின்பக்கம் பாருங்க. உருளை இழுத்த கோடு இன்னும் இருக்கு. உடைக்கறதுக்கு முன்னாடி அம்பு எந்தப் பக்கம்னு துண்டுல குறிச்சுக்கிட்டேன். நான் போட்ட அம்புக்குறிக்குக் குறுக்க ஓடுது. அம்பை நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்."

டீச்சரம்மா துண்டின் முதுகைக் குனிந்து பார்த்தார். அப்படியென்றால் மணிகள் எங்கேயும் திரும்பவில்லை. அகலவாட்டில்தான், முன்னைவிடக் கொஞ்சமாகச் சாய்ந்து நிற்கின்றன. யாருமே பார்க்காத அதிசயம் ஒரு பேனாக் கோட்டோடு போயிற்று. கோபம் வந்தது. வராமல் இருக்குமா?

"நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"நேத்து சந்தேகம்தான். சந்தேகத்தைக் கொண்டாந்து உங்க தலையில கொட்டக்கூடாதுன்னு உடைச்சுப் பாத்தேன்." துண்டின் ஓரத்தை விரலால் தடவினார். "இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு செஞ்சதில்ல டீச்சரம்மா."

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. டீச்சரம்மாவுக்கு அது மெல்ல உறைத்தது. கட்டுரை அச்சாகி, நாலு பேர் செய்து பார்த்து, ஒருவருக்கும் அப்படி வராமல், ஒருநாள் பொய் என்று ஆகியிருக்கும். பட்டத்தோடு மானமும் போயிருக்கும். கோபம் இருந்த இடத்தில் நன்றி வந்து உட்கார்ந்தது.

"பரவாயில்ல அண்ணே. கணினியில தொண்ணூறு டிகிரி திருப்பிட்டா கணக்கு சரியாயிடும்."

"கணக்கைத் திருப்பறது உங்க பாடு. தப்பா அம்பு போட்ட வில்லைய வச்சு நீங்க எழுதக்கூடாது." துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அதைச் சரியான அம்புக்குறியோடு புதிதாகப் பதித்துத் தேய்க்க ஆரம்பித்தவர், அன்று முழுக்க வேறு வேலை எதையும் தொடவில்லை. மதியச் சாப்பாட்டை நின்றபடியே முடித்தார். மீசையை மட்டும் எத்தனை முறை பார்த்தார் என்று கணக்கில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் புது வில்லை நுண்ணோக்கிக்குள் போனது. மதியம் படம் வந்தது. அலுமினியம் ஏற ஏறச் சாய்வு குறைந்து, நாலு தகடும் ஒரே வரிசையில் நின்றன. முதலில் முகம் தொங்கிப்போன பேராசிரியர், நாலு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அதிசயம் இல்லேன்னா என்ன, நேர்மையான பதில். அனுப்புங்க" என்றார்.

கட்டுரையை அனுப்பிய கையோடு டீச்சரம்மா நேரே மெருகு மேஜைக்குப் போனார். "வாங்கண்ணே, வந்து பாருங்க."

"நான் எதுக்கும்மா அங்க? கையெல்லாம் பொடி." இத்தனை வருடத்தில் நுண்ணோக்கி அறையின் வாசல்வரைதான் வந்திருக்கிறார். வில்லையை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அன்று டீச்சரம்மா விடவில்லை. அவர் கை கழுவி வரும்வரை காத்திருந்து, அங்கிருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்து, தான் நின்றுகொண்டார்.

திரையில் மணிகள் நிறம் நிறமாகக் கிடந்தன. "இது சுத்த டைட்டானியம். மணிக்குள்ள பட்டை பட்டையா இருக்கு பாருங்க, நசுங்கும்போது மடங்கினது. இது உங்க ஆறு சதவீதம். பட்டை ஒண்ணுகூட இல்ல. அலுமினியம் மடங்க விடல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நீங்க வந்து சொல்லலேன்னா நான் ஒரு பொய்க்கு டாக்டர் ஆகியிருப்பேன். இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

மெருகண்ணன் அதைக் கேட்டாரா என்பதே சந்தேகம். மூக்கு திரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தார். இடது மூலையில், நிறங்களுக்கு நடுவே, தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"இது என்ன?"

"சின்னக் கீறல்ண்ணே. கணக்குல வராது. கட்டுரை கிளம்பியாச்சு."

அவர் எழுந்தார். வில்லை உள்ளே இருந்த அந்தப் பெரிய எந்திரத்தின் பக்கம் திரும்பி, திறக்கச் சொல்லி உள்ளங்கையை நீட்டினார்.