குருகுக் கூடும் கொழுந்தனும்

அந்த ஆற்றுச் சமவெளியில் வெள்ளம் ஏறும் இடமும் வடியும் இடமும் படகுக்காரிக்கு அத்துப்படி. பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பதினெட்டு வருடமாகத் துடுப்புப் போடுகிறவள். முப்பது வருடமாக யார் கண்ணிலும் படாத குருகின் கூட்டை நாணலுக்குள் முதலில் பார்த்தவளும் அவள்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கொழுந்தனிடம் சொன்னாள். பறவை பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியில் அவன் வழிகாட்டி.

மறுநாளே போய், படம் தெளிவாக விழவேண்டும் என்று சுற்றியிருந்த நாணலை வெட்டித் தள்ளினான். மறைப்பு போன கூட்டிலிருந்து மூன்று குஞ்சுகளையும் பருந்து தூக்கிப் போயிற்று. படம் மட்டும் விடுதி வரவேற்பறையில் தொங்கியது, கண்டுபிடித்தவர் என்று அவன் பெயரோடு.

"நாணலை ஏன் வெட்டினே?"

"அண்ணி, உங்களுக்குத் துடுப்புப் போடத்தான் தெரியும். பறவை விஷயத்தை எங்கிட்ட விடுங்க."

அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்தது. கறுவிக்கொண்டே ஒரு வருடம் காத்திருந்தாள்.

அடுத்த பறவைக் கணக்கெடுப்புக்கு ஆராய்ச்சியாளர்கள் ஆறு பேர் வந்தார்கள். படகுத்துறையில், கொழுந்தன் காதில் விழும்படி கணவரிடம் சொன்னாள்: "மேலக் கால்வாய்ல குருகு கத்துச்சு." பொய்யில்லை, கத்தத்தான் செய்தது. கால்வாய்க்குத் தண்ணீர் விடும் மதகை அன்று காலை அடைக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கால்வாய் வாயில் கொக்குகள் கணுக்கால் தெரிய நின்றன. தண்ணீர் வடிகிறது என்று அவையே சொல்லின. பறவை தெரிந்தவன் அதைப் பார்க்காமல், ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் படகை உள்ளே விட்டான்.

பத்து மணிக்கெல்லாம் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பின்னாலேயே வந்த அவள் தன் தட்டைப் படகை எட்டவே நிறுத்தினாள்.

"அண்ணி, கயிறு போடுங்க!"

"போடறேன். கூட்டை முதல்ல பாத்தது யாரு, நாணலை வெட்டினது யாரு? இவங்ககிட்டயே சொல்லு."

வெயில் மண்டையைப் பிளந்தது. விருந்தாளிகள் அவன் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றுவிடாமல் சொன்னான்.

"வெட்டினீங்களா?" என்றார் மூத்த ஆராய்ச்சியாளர். எல்லோரும் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு அவள் படகின் பக்கம் திரும்பினார்கள்.

விருந்தாளிகளை இரண்டு நடையில் கரைசேர்த்தாள். அவனுக்கு இடம் வைக்கவில்லை. "சாயங்காலம் மதகு திறப்பாங்க தம்பி. அதுவரைக்கும் பறவை பாரு."

அந்த வாரமே படம் சுவரிலிருந்து இறங்கியது. "கூடப்பிறந்தவன்டி அவன்," என்று கணவர் குமுறினார். மூன்று குஞ்சுகளை நினைத்தால் அவளுக்கு மனம் இன்னும் ஆறவில்லைதான். ஆனால் படம் இறங்கிய அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.