துண்டுகள் மட்டும் ஏறிப்போன ரயில்

போன வாரம் மதுரை ஸ்டேஷனில் ஒரு ரயில் கிறீச்சிட்டு நின்றபோது இரும்பு தீயும் வாசனை வந்தது. பிரேக் கட்டை சக்கரத்தில் உரசும் வாசனை. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ எப்படியோ, எனக்கு இது. மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். ஜன்னலெல்லாம் கண்ணாடி போட்டு மூடியிருந்தது. ஒரு துண்டுகூட உள்ளே போகாது.

துண்டு என்றேனே, அது மீட்டர்கேஜ் காலத்துச் சமாசாரம். மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். திருமங்கலம் தாண்டி எங்கள் சின்ன ஸ்டேஷன், பெயர் வேண்டாம். முந்தின நாளே காலிப் பெட்டிகளை விட்டுவிட்டுப் போவார்கள், காலையில் எஞ்சின் வந்து மாட்டும். அதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவோம். துண்டு கிடந்தால் அங்கே ஆள் உட்கார்ந்திருப்பதாகவே கணக்கு. அதைத் தள்ளி உட்கார்ந்தவனோடு அப்புறம் யாரும் முகம்கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அன்று டீ கையில் இருக்கும்போதே பெட்டிகள் நகர்ந்தன. எஞ்சின் மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து ஓடினோம். முன்னால் எஞ்சின் இல்லை. பின்னாலும் இல்லை. ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் கூடவே கொஞ்ச தூரம் ஓடினோம். வண்டி மதுரைப் பக்கத்து இறக்கத்தில் வேகமெடுத்தது.

எஞ்சினைக் கழற்றினால் பிரேக் பிடித்துத்தானே நிற்க வேண்டும் என்று கிளாஸ்மேட் பாண்டிக்கு அங்கேயே பாடம் எடுத்தேன். நேரமாக ஆகக் காற்றுக் கசிவில் அந்தப் பிடி விட்டுப்போகும், அதனால்தான் கைபிரேக்கை முறுக்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்கள் என்பது பிறகு படித்தது. அன்று எது விட்டுப்போனதோ.

"மாப்ள, அக்கா எங்கடா?" என்றான் பாண்டி.

அவன் அக்காவுக்கு மதுரையில் ஜவுளிக்கடை வேலை. முன்னாடியே ஏறி ஜன்னலோரம் தூங்கிவிடும். அதன் நீலப் பை சீட்டில் இருந்ததை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம்.

ஸ்டேஷன் மாஸ்டர் போனும் கையுமாக எட்டிப்பார்த்தார். மதுரையிலிருந்து ஆள் நிறைந்த பாசஞ்சர் எதிரே வந்துகொண்டிருந்தது. அடுத்த ஸ்டேஷனில் ஓடிவரும் பெட்டிகளை மணல் கொட்டிய ஓரத் தண்டவாளத்தில் திருப்பி மோதவிடலாம். உள்ளே ஆள் இல்லையென்றால். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"ஃபுல்லு சார், நிக்கக்கூட இடமில்ல," என்றார் சீசன் டிக்கெட் மணி அண்ணன், பழக்கத்தில்.

மாஸ்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "ஆளா, துண்டா? ஒண்ணச் சொல்லுங்கப்பா."

எங்களுக்கே தெரியவில்லை. பாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "திருப்பிராதீங்க சார். எங்கக்கா உள்ள இருக்கு."

அப்போதுதான் குழாயடிப் பக்கமிருந்து ஈரக் கையோடு அக்கா வந்தது. "வண்டி போயிருச்சாடா? சோத்து டப்பா உள்ளல்ல இருக்கு."

"காலி. திருப்புங்க," என்றார் மாஸ்டர் போனில்.

பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோம். முதல் பெட்டி மணலில் மூக்குப் புதைந்து சாய்ந்திருந்தது. பாசஞ்சர் அடுத்த லைனில் வந்து நிற்க, அதிலிருந்தவர்கள் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். அக்கா குழம்பு கொட்டியதற்கு ரயில்வேயைத் திட்டியது. நாங்கள் அவரவர் துண்டை உதறி எடுத்துக்கொண்டோம்.

ஒரு பச்சைத் துண்டு மிஞ்சியது. "அண்ணே, உங்களுதா?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டோம். யாருடையதும் இல்லை. பெட்டிகளுக்குள்ளும் அடியிலும் குனிந்து தேடினோம். யாரும் இல்லை.

இப்போதும் குழம்புகிறேன். அக்கா வந்தது, அவ்வளவுதானே? அதை வைத்து எப்படி எல்லாரும் 'காலி' என்று நம்பினோம்?

மீட்டர்கேஜ் போய்விட்டது. எங்கள் ஸ்டேஷனில் வண்டி நிற்பதில்லை. மணல் தண்டவாளம் இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஒரு துண்டைப் பார்த்து அங்கே ஆள் இருப்பதாக நம்பி, நின்றுகொண்டே மதுரைவரை வந்த மனிதர்களையும் காணோம்.