தூக்கம் கெடாமல் துளை போடப்படும்

ஒழுகுகிற குழாயை நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. அந்தக் குழாய் இருக்கிற வீட்டுக்காரர் நம்மைத் தேடிப் போன் பண்ணும்படி செய்வதுதான் எங்கள் தொழிலில் பெரிய வித்தை. சொந்தமாக ஏதோ ஒரு சர்வீஸ் ஆரம்பித்துவிட்டு, சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று போனையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் சக பாவிகளே, இது உங்களுக்காக.

நான் ஒரு கார் சீட் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றவள். கடைசியில் மெயின்டனன்ஸ் பக்கம் மாற்றினார்கள். ஸ்பேனர், டிரில், டெஸ்டர் எல்லாம் கைக்குப் பழகிய நேரம் பார்த்து, கான்ட்ராக்ட் முடிந்தது என்று எங்கள் பேட்ச் மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் கெட்டுப்போகிற எதையும் வந்து சரிசெய்து கொடுக்கும் சர்வீஸ் ஒன்றை சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டிலேயே தொடங்கினேன்.

என் வீட்டுக்காரர் லூர்து, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் ஷிப்ட் வேன் டிரைவர். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு கெடு வைத்தார். "கிறிஸ்மஸ் வரிக்கும் பாரு மேரி. தொழிலு நெலச்சி நிக்கலன்னா எங்க மாமா சொன்ன பேக்கிங் வேலைக்குப் போய்டணும், இன்னா?" நாள் முழுக்க உட்கார்ந்து அட்டைப் பெட்டி மடிக்கிற வேலை அது. நினைத்தாலே எனக்கு அழுகை வரும். வேறு வழியில்லாமல் தலையாட்டினேன்.

பஜ்ஜியும் விளம்பரமும்

இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்று நோட்டீஸ் கொடுத்தேன். எல்லோரும் வாங்கினார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் கால் வலி தாங்காமல் நோட்டீஸ் கட்டை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், கடைக்காரர் என் நோட்டீசைக் கிழித்துக் கிழித்து வருகிறவர்களுக்கெல்லாம் பஜ்ஜி வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த எண்ணெய்ச் சட்டியே தேவலை.

என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தொழில் ஆரம்பித்து எனக்கு வந்த முதல் அழைப்பு. "பஜ்ஜி பேப்பர்ல நம்பர் பாத்தேன். ரூம்ல பாத்ரூம் தாப்பா வுழுந்துடுச்சி, வர்றீங்களா?" என்றது ஒரு குரல். நான் சத்தமில்லாமல் மிச்ச நோட்டீசையும் எடுத்துக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினேன். அவர் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எக்கா, அடுத்த தபா கொஞ்சம் தடியான பேப்பர்ல அடி. எண்ணெய் கையில ஊறுது."

ஆள் எங்கே?

கதவைத் திறக்கிற எல்லோரும் என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால்தான் பார்ப்பார்கள். "ஆள் எங்கம்மா?" இந்தக் கேள்விக்கு "நான்தான் ஆள்" என்று பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் கோணிவிட்டது.

வல்லம் வடகாலில் நிலத்தை விற்று வரிசையாக வாடகை ரூம் கட்டிவிட்ட ஒரு பெரியவர் சீலிங் ஃபேன் மாட்டக் கூப்பிட்டார். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். அரை மனதோடு உள்ளே விட்டார். நான் ஏணியில் ஏறியதும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடிவந்து ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அவர் கை நடுங்க, ஏணி நடுங்க, மேலே நான் நடுங்க, ஒரு வழியாக ஃபேன் மாட்டி முடித்தேன். சுவிட்சைப் போட்டதும் சத்தமில்லாமல் சுற்றியது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அதே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். "ஆம்பள ஆளு வந்திருந்தா நான் பாட்டுக்கு டிவி பாத்திருப்பேன். நீ வந்து என்னை வேலை வாங்கிட்டம்மா. அடுத்த ரூம் ஃபேனுக்கு எப்ப வர்ற?"

பட்டப்பகலில் ஒரு நடுராத்திரி

பொடிப்பொடியாக வேலை வர ஆரம்பித்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு வரிசை வீட்டில் துணிக்கொடிக்குக் கொக்கி அடிக்க வேண்டும். நல்ல வெயில் நேரம். யாரையும் கேட்காமல் டிரில்லை எடுத்து சுவரில் வைத்து ஒரே அழுத்து.

வரிசையில் இருந்த கதவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. கைலியும் கலைந்த தலையுமாக, கண் சிவந்து, ஒரு பட்டாளமே வெளியே வந்து நின்றது. எல்லோரும் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்தவர்கள். வருஷக்கணக்கில் ஷிப்ட் பார்த்தவள் நான். டிரில் சத்தத்துக்கு எழுந்து நானே எத்தனை பேரைச் சபித்திருப்பேன்! அவமானத்தில் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டபடியே கேட்டார்: "எக்கா, உனக்குதான் இது பகலு, எங்களுக்கு நடுராத்திரி. நடுராத்திரில நாங்க வந்து உன் வூட்டு செவுத்தக் கொடைஞ்சா சும்மா இருப்பியா?"

மிக்சிக்கு ஒரு சீட்

அன்றைக்கே வீட்டில் மிச்சமிருந்த பழைய நோட்டீசையெல்லாம் பஜ்ஜிக் கடைக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக அடித்தேன். கொட்டை எழுத்தில் ஒரே வரி: "உங்கள் ஷிப்ட் சொல்லுங்கள். தூக்கம் கெடாமல் துளை போடப்படும்." அதை லூர்துவின் வேனில் ஒவ்வொரு சீட்டின் முதுகிலும், அவரைக் கேட்காமலே ஒட்டினேன். ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேன் மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் படிக்க அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று சொல்லிச் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. வேலைக்குப் போகும்போது கெட்டுப்போன மிக்சி, அயர்ன் பாக்ஸை வேனில் கொடுத்துவிட வேண்டியது, ஷிப்ட் முடிந்து வரும்போது சரியாகி சீட்டில் காத்திருக்கும். முதலில் லூர்து குதித்தார். "இது வேனா, பாத்திரக்கடையா?" என்றார். ஆனால் அவருடைய வேனுக்குத்தான் ஆள் சேர்ந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒருவர், ஒரு நாள் வேன் நிரம்பி வழிந்தபோது மிக்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். "அண்ணாச்சி, நான் நின்னுக்கிட்டே வாரேன், எம் மிக்சிய மொதல்ல உக்கார வைங்க."

சத்தம் வந்தால் அவ்வளவுதான்

தெருவில் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேலை வந்தது, ஆனால் நிலையாக வரவில்லை. ஒரு வாரம் ஓடினேன், மறுவாரம் ஈ ஓட்டினேன். மாமா பேக்கிங் செக்‌ஷனில் என் பெயரைக் கொடுத்தே விட்டார். அப்போதுதான் வல்லம் வடகாலில் உள்ள ஒரு பெண்கள் ஹாஸ்டலிலிருந்து வார்டன் பிரேமா மேடம் கூப்பிட்டார். மாடி மாடியாகக் கம்பெனிப் பெண்கள் தங்கும் கட்டடம். ஆண்கள் உள்ளே வரக் கூடாது. ஹாஸ்டல் காலியாக இருக்கும்போது வரச் சொல்லலாம் என்றால், மூன்று ஷிப்ட் ஓடுகிற இடத்தில் காலியாகிற நேரமே கிடையாது; எப்போதும் யாராவது தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் ஒழுகுவது ஒழுகிக்கொண்டே, தொங்குவது தொங்கிக்கொண்டே இருந்தது. "இன்னிக்கு ஒரு ரூம் பாருங்க. ஒரு பொண்ணு தூக்கம் கெட்டுச்சின்னு வந்து சொன்னாலும் அதோட சரி. சொல்லலன்னா வருஷம் முழுக்க மொத்த ஹாஸ்டலும் உங்களுக்குதான்" என்றார் மேடம்.

ரூமில் நைட் ஷிப்ட் பெண்கள் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். பாத்ரூம் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. செருப்பை வெளியே விட்டேன். ஸ்பேனரைப் பழைய துப்பட்டாவால் சுற்றினேன். சொட்டுகிற சத்தம் கேட்காதபடி பக்கெட்டில் ஈரத் துணியைப் போட்டேன். குழாயோ துருப்பிடித்து அசைய மறுத்தது. சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும். ஆனால் அந்த ஒரு தட்டோடு என் தொழிலும் கழன்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை அழுத்தினேன். கழன்றது. ஒரு முனகல்கூட இல்லாமல் கழன்றது. புதுக் குழாயை மாட்டிவிட்டு, அந்தப் பெண்கள் எழுந்திருக்கும்வரை வராந்தாவில் மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பெண் வாயில் பிரஷ்ஷோடு வெளியே ஓடிவந்தாள். "மேடம், எங்க பாத்ரூம்ல சத்தமே கேக்கல. தூக்கத்துல நான் வேற ரூம்ல வந்து படுத்துட்டேனா?"

கேட்டில்

ஹாஸ்டல் என் கைக்கு வந்தது. மேடம் எழுதிக் கொடுத்த கான்ட்ராக்ட் பேப்பரை வீட்டில் மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, வெட்கமில்லாமல் அழுதேன். லூர்து போனை எடுத்து என் எதிரிலேயே மாமாவைக் கூப்பிட்டு, "மாமா, மேரிக்கு நேரம் இல்ல, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். அவர் குரலில் இருந்த மிதப்பைப் பார்த்தால் ஹாஸ்டலை அவரே பிடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

முதல் நாள் வேலைக்கு ஏணியை நானே தூக்கி வருகிறேன் என்று வம்படியாகக் கூடவே வந்தார். வேலைக்கேற்ற மாதிரி புதுச் சட்டை வேறு. நான் டூல்ஸ் பையோடு முன்னால் போனேன், அவர் ஏணியோடு பின்னால் வந்தார். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அக்கா எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார். லூர்து கையிலிருந்த ஏணியை மட்டும் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, கேட்டை அவர் மூக்குக்கு நேரே சாத்தினார். "மேடம், நீங்க போங்க. யோவ், நீ இல்ல, நீ அப்டி ஓரமா நில்லு, மேடம் வேலைய முடிச்சிட்டு வர நேரமாவும்."

முன்பெல்லாம் ஆள் எங்கே என்று கேட்டார்கள், இப்போது வந்த ஆளை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். என் தொழில் வளர்ந்த கதையை இதைவிடச் சுருக்கமாக எந்த பஜ்ஜி பேப்பரிலும் அச்சடிக்க முடியாது.